பாதிக்கதையும் ஒன்பது பாக வரலாறும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றபடி வீட்டிலும் கடையிலும் தெருவிலும் அவள் பெயர் பாதிக்கதைதான்.

அது சும்மா வந்த பெயர் இல்லை. அவள் அப்பா பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்கு வருவாள். பையை மேசைக்கு அடியில் தள்ளுவாள். கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏணிப்படியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். எதை வேண்டுமானாலும் படிக்கலாம், அப்பா தடுக்க மாட்டார். ஆனால் கடைக்கு ஒரு விதி இருந்தது.

"யாராவது கேட்டா கொடுத்துடணும்" என்பார் அப்பா. "பாதி வரியில இருந்தாலும் மூடிக் கொடுத்துடணும். இது கடை. நூலகம் இல்ல."

இதனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். திருடன் மதில்மேல் ஏறிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, "அந்தப் புத்தகம் என்ன விலை?" என்பார். அவ்வளவுதான். திருடன் காலமெல்லாம் மதில்மேலேயே நிற்க வேண்டியதுதான்.

இப்படி அவளுக்கு நூற்றுக்கணக்கான கதைகளின் தொடக்கம் தெரியும். முடிவு ஏதோ ஒன்றிரண்டுதான் தெரியும். வகுப்பில் தோழிகள் கதை கேட்டால் சொல்லிக்கொண்டே வந்து, முடிவை அவளே கட்டிவிடுவாள். எங்கிருந்தோ ஒரு நாய் ஓடி வந்து எல்லாரையும் காப்பாற்றிவிடும். கப்பல் கவிழ்ந்த கதையிலும் நாய் வந்தது. நிலாவுக்குப் போன கதையிலும் நாய் வந்தது.

"நிலாவுக்கு நாய் எப்படிடீ வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பின்னாடியே வந்துச்சு" என்றாள் பாதிக்கதை.

ஒருநாள் அப்பாவும் சித்தப்பாவும் தள்ளுவண்டியில் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரோ பெரிய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாம். பெட்டிக்குள் 'நமது தேசத்தின் வரலாறு' இருந்தது. மொத்தம் ஒன்பது பாகங்கள். கருஞ்சிவப்புத் தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து. ஒவ்வொன்றும் செங்கல் கனம். அச்சாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார் அப்பா. மெல்லிய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்.

அதை யாரும் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் தேர்வுக் கையேடு கேட்டார்கள், சமையல் புத்தகம் கேட்டார்கள். பழைய வரலாறு யாருக்கு வேண்டும்?

பாதிக்கதைக்கு வேண்டும். யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் முதல் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அதில் மலை, ஆறு, மண் வகை, மழை அளவு என்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு கொட்டாவி வந்தது. ஆனாலும் விடவில்லை. மூன்றாம் பாகத்தில் சண்டைகள் வந்தன. ஐந்தாம் பாகத்தில் ஓர் அரசர் தும்மியே செத்துப்போனார். ஆறாம் பாகத்தில் வந்தாள் குட்டி ராணி.

குட்டி ராணிக்கு வயது பத்துதான். அவளுக்குப் பதிலாக நாட்டை ஆண்டவர் அவளுடைய சித்தப்பா. அவருக்குப் பக்கத்து நாட்டோடு போருக்குப் போகத் துடிப்பு. ஆனால் போர் ஆணையில் ராஜமுத்திரை விழ வேண்டும். முத்திரை ராணியிடம் இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் முத்திரையைக் காணோம். ராணி ஒளித்துவிட்டாள். எங்கே என்று கேட்டால் வாயே திறக்கவில்லை.

சித்தப்பா அரண்மனையையே புரட்டிப்போட்டார். கிணற்றை இறைத்தார்கள். குதிரைக்கு வைத்திருந்த கொள்ளைக் கொட்டிப் பார்த்தார்கள். 'இறுதியில் அந்த முத்திரை கிடைத்த இடம்' என்று பக்கம் முடிந்தது.

பாதிக்கதை பக்கத்தைப் புரட்டினாள். புரட்ட வரவில்லை. அந்தத் தாளும் அடுத்த தாளும் ஓரத்தில் சேர்ந்தே இருந்தன.

"அப்பா, இந்தப் பக்கம் ஒட்டியிருக்கு."

அப்பா வந்து பார்த்தார். "ஒட்டல. இது மடிப்பு. அந்தக் காலத்துல பெரிய தாள்ல அச்சடிச்சு, மடிச்சு, அப்படியே தைச்சுடுவாங்க. வாங்கினவங்கதான் கத்தியால மடிப்பை வெட்டிப் படிக்கணும்."

"அப்ப இதை வாங்கினவங்க ஏன் வெட்டல?"

"ஆறாம் பாகம் வரைக்கும் வந்து தூங்கிட்டாங்க போல."

"நான் வெட்டட்டுமா?"

"கூடவே கூடாது. வெட்டுற உரிமை வாங்குறவங்களுக்குத்தான். நாம விக்கிறவங்க."

விதி என்றால் விதிதான். பாதிக்கதை தாளின் கீழ்ப்பக்கத்தை மெல்ல விரித்து, குழாய்க்குள் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். 'சித்தப்பா' என்று ஒரு வார்த்தை தெரிந்தது. 'சிரிப்பை அடக்க முடியாமல்' என்று இன்னொன்று. நடுவில் ஒரே இருட்டு. கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாள் வகுப்பில் அவள் குட்டி ராணி கதையைச் சொன்னாள்.

"அப்புறம்? முத்திரை எங்க இருந்துச்சு?"

"தெரியல."

தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

"ஏன், நாய் வரலையா?"

"இது வரலாறுடீ. நிஜமா நடந்தது. இதுல நானா நாயை விட முடியாது" என்றாள் பாதிக்கதை. அதைச் சொல்லும்போது அவளுக்கே அழுகை வரும்போல இருந்தது.

பாதிக்கதையின் சொந்தச் சித்தப்பாவுக்கு வேறு வருத்தம். "கதையில எப்பப் பாரு சித்தப்பாதான் கெட்டவன். நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்?" என்று அவர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் அவரே வந்து, "முத்திரை கிடைச்சுதா?" என்று கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் அப்பா முகமெல்லாம் சிரிப்பாகக் கடையைப் பூட்டினார்.

"வரலாறு வித்துப்போச்சு" என்றார். "ஆத்தங்கரையில புதுசா ஒரு ஓட்டல் திறக்கிறாங்க இல்ல, அதோட மேலாளர் வாங்குறார். வரவேற்பறையில வைக்கணுமாம். நாளைக்கு வந்து எடுத்துக்குவார். மழைக்கு முன்னாடி கூரைய மாத்திடலாம்."

கூரை எவ்வளவு மோசம் என்று பாதிக்கதைக்கும் தெரியும். போன மழையில் வாளி வைத்தும் போதாமல் குடத்தையும் வைத்தார்கள். நனைந்த புத்தகங்களைத் துணி மாதிரிக் கொடியில் காயப்போட்டார்கள். அப்பா ஒவ்வொரு பக்கமாக ஊதி ஊதி உலர்த்தியது அவளுக்கு நினைவிருந்தது.

"கேட்டா கொடுத்துடணும்" என்று அவளே சின்னக் குரலில் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே கடை அமளிதுமளிப்பட்டது. அப்பா ஒவ்வொரு பாகத்தையும் பழுப்புத் தாளில் சுற்றினார். சித்தப்பா ஒட்டடை அடித்தார்.

"பெரிய மனுஷன் வர்றார். அந்த நாற்காலிய என்னன்னு பாரு" என்றார் அப்பா.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வருகிறவர்கள் உட்காரக் கடையில் இருந்தது அது ஒன்றுதான். பிரம்புப் பின்னல் தொய்ந்துபோய், மேலே ஒரு பழைய மெத்தை கிடந்தது. உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவார், முழங்கால் மூக்குக்கு வந்துவிடும். ஒருமுறை தபால்காரரை அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

"அதெல்லாம் பாத்துட்டேண்ணே" என்றார் சித்தப்பா.

மேலாளர் வந்தார். ஒல்லியாக, உயரமாக, எதற்கோ பயந்தவர்போல இருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆறாம் பாகம் மட்டும் இன்னும் சுற்றப்படாமல் பாதிக்கதையின் மடியில் இருந்தது. மேலாளர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அதன் உயரத்தை அளந்தார்.

"அலமாரிக்குச் சரியா பொருந்தும்" என்றார். "எங்க சோபாவும் இதே கருஞ்சிவப்புதான். முதலாளியம்மா நிறத்துல ரொம்பக் கவனம்."

பிறகு கட்டுகளை எண்ணினார். மடியில் இருந்ததையும் சேர்த்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எட்டுதான் இருக்கு."

அப்பா ஓடி வந்து எண்ணினார். எட்டுதான். தாளை ஓரத்தில் பிரித்துப் பார்த்தால், மூன்றாம் பாகத்தைக் காணோம்.

அப்பா பாதிக்கதையைப் பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார். அதைப் பார்த்து மேலாளரும் பார்த்தார்.

"நான் எடுக்கல" என்றாள் அவள். முகம் சூடாகிவிட்டது. "மூணாம் பாகத்தை எப்பவோ படிச்சு முடிச்சாச்சு. ஒளிக்கணும்னா நான் ஆறாம் பாகத்தைல்ல ஒளிக்கணும்?"

அதில் நியாயம் இருந்தது. அப்பா அவள் தலையில் கை வைத்து, "சரிம்மா, தப்புதான்" என்றார். பிறகு மேலாளரிடம் திரும்பி, "கொஞ்சம் உக்காருங்க சார். இங்கதான் எங்கயோ இருக்கும்" என்றார்.

"இருக்கணும்ங்க. ஒண்ணு குறைஞ்சாலும் முதலாளியம்மா வேண்டாம்னுடுவாங்க. நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்பா ஏணியில் ஏறினார். சித்தப்பா பின்னறைக்குள் புகுந்து பெட்டிகளை உருட்ட ஆரம்பித்தார். மேலாளர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாதிக்கதை மறுபடியும் ஒரு கண்ணை மூடித் தாளுக்குள் பார்ப்பதைக் கவனித்தார்.

"என்ன பாப்பா, உள்ள எறும்பு ஏதும் இருக்கா?"

"இல்ல சார். முத்திரை இருக்கு."

அவள் குட்டி ராணி கதையைச் சொன்னாள். முதலில் அவர் வெறுமனே தலையாட்டினார். கிணற்றை இறைத்த இடத்தில் கைக்குட்டையை மடியில் வைத்தார். குதிரைக் கொள்ளைக் கொட்டிய இடத்தில் கழுத்தைத் துடைப்பதையே மறந்துவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் இந்த மடிப்பு."

"வெட்ட வேண்டியதுதானே?"

"வாங்குறவங்கதான் வெட்டணும்னு அப்பா சொல்லிட்டார்."

மேலாளர் யோசித்தார். "வாங்குறவன் நான்தானே?"

பாதிக்கதை ஒரே தாவாகத் தாவி மேசையிலிருந்து காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். மேலாளர் மடிப்புக்குள் கத்தியை விட்டு, ஓரமாக மெல்ல இழுத்தார். நூறு வருடமாக மூடியிருந்த பக்கம் சரசரவென்று திறந்தது. அதுதான் ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கம். அவரே உரக்கப் படித்தார்.

"'இறுதியில் அந்த முத்திரை கிடைத்த இடம் வேறெதுவும் அன்று. சித்தப்பா நாள்தோறும் அமர்ந்து, முத்திரையைத் தேடும்படி ஆணையிட்ட அதே ஆசனத்தின் மெத்தைக்கு அடியில்தான் அது இருந்தது. அவர் தேடச் சொல்லும்போதெல்லாம் குட்டி ராணி சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.'"

மேலாளர் சிரித்தார். பயந்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய சிரிப்பு எங்கே இருந்ததோ தெரியவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

பாதிக்கதையும் சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

நிமிர்ந்து உட்கார்ந்து? அந்த நாற்காலியில் எப்படி நிமிர்ந்து உட்கார முடியும்? இந்நேரம் அவர் முழங்கால் அல்லவா மூக்கில் இடித்திருக்க வேண்டும்?

அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் போதும், மேலாளர் எழுந்து போய்விடுவார். ஒன்பது பாகமும் இங்கேயே இருக்கும். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாவற்றையும் மடிப்புக்குள் எட்டிப் பார்த்தாவது அவள் நிதானமாகப் படிக்கலாம். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். ஆசையாகத்தான் இருந்தது.

அவள் ஏணியைப் பார்த்தாள். மேல் தட்டில் தேடிக்கொண்டிருந்த அப்பாவின் தலைக்கு நேர் மேலே, போன மழையின் கறை கூரையில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டில் கையை விட்டார்.

"சார்" என்றாள் பாதிக்கதை. "கொஞ்சம் எழுந்திருங்க."

"ஏம்மா?"

"நீங்க ராணியோட சித்தப்பா மாதிரி உக்காந்திருக்கீங்க."

மேலாளர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு முட்டைமேல் உட்கார்ந்தவர் எழுவதுபோல மெதுவாக, மிக மெதுவாக எழுந்தார். அவள் மெத்தையைத் தூக்கினாள். அடியில், பழுப்புத் தாளில் சுற்றியபடி, மூன்றாம் பாகம் இருந்தது.

பின்னறையிலிருந்து சித்தப்பா தலைமுடியெல்லாம் தூசியாக வந்து நின்றார்.

"அய்யய்யோ" என்றார். "பழைய டெலிபோன் புத்தகம்னுல்ல நினைச்சேன். அதுவும் பழுப்புத் தாள்லதானே கிடந்துச்சு. சார் உள்ள விழுந்துடக் கூடாதேன்னு மரியாதைக்காக வெச்சேண்ணே."

அப்பா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏணி ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

"பாத்தீங்களா? கடைசியில அங்கயும் சித்தப்பா, இங்கயும் சித்தப்பா" என்றாள் பாதிக்கதை. சித்தப்பா தலைமுடியிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

ஒன்பதும் சேர்ந்தாயிற்று. சித்தப்பா வண்டியைக் கொண்டுவரப் போனார். பாதிக்கதை ஆறாம் பாகத்தைத் தானே பழுப்புத் தாளில் சுற்றினாள். சுற்றும்போது, "எங்க சார் வைப்பீங்க? எல்லாரும் எடுத்துப் படிப்பாங்களா?" என்று கேட்டாள்.

மேலாளர் சங்கடப்பட்டார். "படிக்கிறதுக்கு இல்லம்மா. பார்வைக்குத்தான். தச்சர் பசை போட்டு அலமாரியோட ஒட்டிடுவார். தங்க வர்றவங்களோட குழந்தைங்க இழுத்துக் கீழ போட்டுட்டா? போன மாசம் ஒரு பூஜாடி போச்சு. முதலாளியம்மா என்னைத்தான் உலுக்கிட்டாங்க."

விற்றது விற்றதுதான். ஆனால் ஒட்டுவதா? பாதிக்கதை கட்டுப்போட எடுத்த நூலைக் கீழே வைத்தாள்.

"சார், ராணி அப்புறம் என்ன ஆனாள்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"வேணும்தான். என்ன ஆனா?"

"எனக்கும் தெரியாது. அது ஏழாம் பாகத்துல இருக்கு. ஒட்டிட்டா நீங்க எப்படி எடுப்பீங்க?"

மேலாளர் கைக்குட்டையைத் தேடினார்.

"கீழ விழக் கூடாது, அவ்வளவுதானே?" என்றாள் அவள். மேல் தட்டைக் காட்டினாள். அங்கே புத்தக வரிசைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. "தெருவுல லாரி போனா கடையே ஆடும் சார். ஆனா ஒரு புத்தகம் விழாது. வேணும்னா கயிறைத் தள்ளிட்டு எடுத்துக்கலாம்."

மேலாளர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்க நிறத்துல பட்டுக்கயிறு கிடைக்குமே" என்று முணுமுணுத்தார். "முதலாளியம்மாவுக்குப் பிடிக்கும்." பிறகு திடீரென்று குனிந்து, "நீ அந்த மூணாம் பாகத்தைச் சொல்லாம விட்டிருந்தா எல்லாம் உன்கிட்டயே இருந்திருக்குமே?" என்று கேட்டார்.

"இருந்திருக்கும்" என்றாள் பாதிக்கதை. "கூரை ஒழுகுதே சார்."

மழை வருவதற்குள் கூரை மாற்றியாயிற்று. அதற்கு அடுத்த விடுமுறை நாளில் ஓட்டலிலிருந்து ஆள் வந்தார். "மேலாளர் ஏழாம் பாகத்தோட முதல் மடிப்புல காத்திட்டிருக்கார். கூட ஒரு ஆள் இல்லாம வெட்ட மனசு வரலையாம்" என்றார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டல் வரவேற்பறையில் பாதிக்கதை கருஞ்சிவப்புச் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே அலமாரியில் தங்கக் கயிற்றுக்குப் பின்னால் எட்டுப் பாகங்கள் நின்றன. ஏழாம் பாகம் அவள் மடியில் இருந்தது. மேலாளர் முதல் சில மடிப்புகளை வெட்டி, அவளோடு சேர்ந்து இரண்டு பக்கம் படித்துவிட்டு, மனமில்லாமல் வேலையைப் பார்க்கப் போயிருந்தார். குட்டி ராணி பக்கத்து நாட்டோடு சமாதானம் பேசப் புறப்பட்டுவிட்டாள். வழியில் ஒரே மூடுபனி. வண்டி காட்டுக்குள் வழி தவறிவிட்டது. சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது.

அப்போது பெட்டியோடு வந்த ஒரு பெரியவர் அவள் முன்னால் நின்றார். "பாப்பா, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடேன், பாக்கலாம்."

பாதிக்கதை பாதி வரியில் இருந்தாள். பழக்கம் விடுமா? புத்தகத்தை மூடி நீட்டினாள்.

மேசைக்குப் பின்னாலிருந்து மேலாளர் அரக்கப் பரக்க ஓடி வந்தார்.

"மன்னிக்கணும் சார். இங்க ஒரு விதி இருக்கு. எடுத்தவங்க படிச்சு முடிச்சுட்டுத்தான் கொடுக்கணும்" என்றார். "உங்களுக்கு முதல் பாகம் எடுத்துத் தரட்டுமா? மலை, ஆறு, மழை அளவு எல்லாம் இருக்கு. நல்லா தூக்கம் வரும்."

பெரியவர் சிரித்துக்கொண்டே முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு எதிர்ச் சோபாவில் சாய்ந்தார்.

பாதிக்கதை விட்ட வரியைத் தேடிப் பிடித்து, பக்கத்தைப் புரட்டினாள். அங்கே, மூடுபனிக்குள்ளிருந்து குரைத்துக்கொண்டே, ராணியின் வண்டியை நோக்கி ஒரு நாய் ஓடி வந்தது.